பெயர் மாறிய பொதிகள்: ஒரு லினக்ஸ் அப்கிரேடுக்குப் பின்னால் இருக்கும் முப்பது வருடம்

கடந்த லீவில் வட்டகொடையில், எங்களில் ஒருத்தியின் வீட்டில், நாலு பேர் ஒரு லெப்டொப்பைச் சுற்றி உட்கார்ந்து கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் நாள் இரவு லினக்ஸை அடுத்த பதிப்புக்கு அப்கிரேட் பண்ணப் போட்டுவிட்டுத் தூங்கியிருந்தோம். இரவு டேட்டாதான் மலிவு, அதனால் இரவு. விடிந்து பார்த்தால் டெஸ்க்டொப் இல்லை, மவுஸ் இல்லை, வெள்ளை எழுத்தில் ஆங்கில வரிகள் மட்டும். சாராம்சம் இதுதான்: சில பொதிகளின் சார்புகள் நிறைவேறவில்லை, வேலை பாதியில் நிற்கிறது.

போனால் போகட்டும் என்று விடக்கூடிய லெப்டொப் இல்லை அது. உள்ளே பதினொரு மணித்தியால ஒலிப்பதிவு இருந்தது. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான பிறகு யார் யார் ரயிலேறித் தலைமன்னாருக்குப் போனார்கள், யார் தங்கினார்கள் என்று தோட்டத்து வயசானவர்களிடம் கேட்டு எடுத்த பதிவுகள். பேசியவர்களில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. வேறு பிரதி எடுத்து வைத்திருக்கவும் இல்லை. (தெரியும். திட்டாதீங்க.)

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். இதை எப்படிச் சரிசெய்வது என்று பயந்துகொண்டே தேடும்போது, ஏன் இப்படி நடக்கிறது என்ற கேள்விதான் எங்களை அதிகம் இழுத்தது. ஒரு மெஷினுக்குள் இருக்கிற இரண்டு மென்பொருள்கள் ஒன்றோடொன்று சண்டை பிடிக்க என்ன இருக்கிறது? பதிலைத் தேடிப் போனோம். யாரோ சிலர் வேறு வேறு வருடங்களில், ஒருவரையொருவர் பார்க்காமலே எழுதிவைத்த வாக்குறுதிகள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தன. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். லினக்ஸில் மென்பொருள் ஒவ்வொன்றும் பொதியாக வரும். பாட்டுக் கேட்க ஒன்று, படம் பார்க்க ஒன்று, எழுத ஒன்று. எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சில வேலைகள் உண்டு: கோப்பைத் திறப்பது, எழுத்தைத் திரையில் வரைவது, ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்புவது. ஒவ்வொரு பொதியும் இதையெல்லாம் தனித்தனியாகச் சுமந்து வராது. லைப்ரரி என்று ஒரு பொதுப் பொதி இருக்கும், மற்றவை அதைப் பாவிக்கும். ஒரு லயத்துக்கு ஒரு பீலி மாதிரி. இடம் மிச்சம், பழுது வந்தால் ஒரே இடத்தில் திருத்தலாம். ஆனால் பீலியை நகர்த்தினால் லயத்தில் இருக்கிற எல்லா வீட்டுக் குடமும் நகரவேண்டும். "எனக்கு இந்த லைப்ரரி வேண்டும், இந்தப் பதிப்புக்குக் குறையாமல் வேண்டும்" என்று ஒரு பொதி எழுதிவைக்கிற நிபந்தனைதான் சார்பு. "அவர் இருக்கிற இடத்தில் நான் இருக்கமாட்டேன்" என்று எழுதிவைத்தால் அது முரண்.

1991 ஆகஸ்ட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கேர்னலைப் பற்றி அறிவித்தபோது அவருக்கு 21 வயது. கேர்னலை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யமுடியாது. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான மென்பொருள்களைச் சேர்த்து, ஒரு தொகுப்பாக மற்றவர் கையில் கொடுக்க ஆள் வேண்டும். அப்படி ஆரம்பத்தில் வந்த எஸ்எல்எஸ் என்ற தொகுப்பு ஓட்டை உடைசலாக இருக்கிறது என்று எரிச்சல்பட்ட இன்னொரு மாணவர், அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் மர்டொக், 1993 ஆகஸ்ட் 16 இல் டெபியனை அறிவித்தார். அவருக்கு 20. இந்த இரண்டு வயதையும் இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்களுக்கும் அதே வயசு, நாங்கள் ஒரு பெக்கப் கூட எடுத்துவைக்கவில்லை.

அதே 1993 இல் ஸ்லாக்வேரும் வந்தது. சார்பு விஷயத்தில் அது வேறு வழி பிடித்தது: எதற்கு எது வேண்டும் என்பதைக் கணினி பார்க்காது, மனுசன்தான் பார்த்துக்கொள்ளவேண்டும். இன்றைக்கும் அதன் சொந்தக் கருவிகள் அப்படித்தான். பிடிவாதம் என்று சிரிக்கலாம். ஆனால் அதைப் பாவிப்பவருக்குத் தன் வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

டெபியன் மறுபக்கம் போனது. 1994 இல் இயன் ஜக்சன் திருத்தி எழுதிய டிபிகேஜி என்ற கருவி, ஒவ்வொரு பொதியின் தலையிலும் ஒரு சின்னப் படிவத்தை வைத்தது. பெயர், பதிப்பு எண், யாரைச் சார்ந்தது, யாரோடு முரண், யாருக்குப் பதிலாக நிற்கும். 1995 இல் ரெட் ஹெட் நிறுவனத்தில் எரிக் ட்ரோன், மார்க் யூயிங் இருவரும் எழுதிய ஆர்பிஎம் கிட்டத்தட்ட அதே வேலையை வேறு விதமாகச் செய்தது. இரண்டிலும் அந்தக் காலத்தில் ஒரே தலைவலி. "உனக்கு இன்னது இல்லை" என்று சொல்லும், எங்கே எடுப்பது என்று சொல்லாது. நீங்கள் தேடி எடுத்து வருவீர்கள், அதற்கு இன்னும் இரண்டு இல்லை என்று சொல்லும். அந்த இரண்டில் ஒன்றுக்கு வேண்டிய லைப்ரரி, ஏற்கெனவே இருக்கிற இன்னொன்றோடு ஒத்துப்போகாது. இதற்கு அந்தக் காலத்து ஆட்கள் வைத்த பெயர் 'சார்பு நரகம்'.

அப்கிரேட் என்ற வார்த்தைக்கு உண்மையான பயம் வந்தது லிப்சி5 இலிருந்து லிப்சி6 க்கு மாறிய காலத்தில். லிப்சி என்பது கிட்டத்தட்ட எல்லா மென்பொருளும் நிற்கிற அடித்தள லைப்ரரி. பீலி என்று சொன்னோமே, இது அந்தப் பீலிக்குத் தண்ணீர் வருகிற ஊற்று. 1998 ஜூலையில் வெளிவந்த டெபியன் 2.0 அந்த மாற்றத்தைச் செய்தது. பொதிகளை ஒழுங்கு தப்பி ஏற்றினால், பொதி ஏற்றுகிற கருவியே ஓடாமல் போகலாம். ஏணியில் நின்றுகொண்டே ஏணியை மாற்றுகிற வேலை. அதனால் எந்தப் பொதிக்குப் பிறகு எது என்று வரிசை போட்டுத் தனி வழிகாட்டி எழுதினார்கள், அந்த வரிசையைத் தானாகவே செய்ய ஒரு குட்டி நிரலும் கொடுத்தார்கள். அடுத்த பதிப்பான 2.1, 1999 மார்ச்சில் வந்தபோது அதோடு ஆப்ட் வந்தது. களஞ்சியம் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும், வேண்டிய பொதி, அதன் சார்பு, சார்பின் சார்பு எல்லாவற்றையும் தானே கணக்குப் போட்டு இறக்கி, சரியான ஒழுங்கில் ஏற்றும். இன்றைக்கு நாங்கள் ஒரு வரி தட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறோம் என்றால் அது ஆப்டும், ரெட் ஹெட் பக்கத்தில் பிறகு வந்த யம் போன்ற கருவிகளும் போட்ட வழி.

ஆனால் அந்தக் கணக்கு எவ்வளவு சிக்கல் என்று ஆப்ட் வந்து சில வருடங்களுக்குப் பிறகுதான் ஒழுங்காக எழுதிக் காட்டினார்கள். 2004 முதல் 2007 வரை நடந்த ஈடோஸ் என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டத்தில் ரொபர்ட்டோ டி கொஸ்மோவும் மற்றவர்களும் டெபியன் போன்ற தொகுப்புகளின் பொதிகளை எடுத்து ஆராய்ந்தார்கள். ஒரு பொதியை அதன் எல்லா நிபந்தனைகளோடும் நிறுவமுடியுமா என்ற கேள்வி, கணினியியலில் 'என்பி-கம்ப்ளீட்' என்று சொல்கிற கடினமான ரகத்தைச் சேர்ந்தது என்று காட்டினார்கள். எங்களுக்குப் புரிந்த விதத்தில் சொன்னால், கலியாண வீட்டுப் பந்தி. பெரியப்பா வந்தால் சித்தப்பா வரமாட்டார். சித்தப்பா வராவிட்டால் மாமா வரமாட்டார். மாமாவோ அவருடைய தம்பியோ, ஒருவராவது கட்டாயம் இருக்கவேண்டும். பத்துப் பேர் என்றால் அம்மா மனக்கணக்கில் முடித்துவிடுவார். பல்லாயிரம் பேர் என்றால்? எல்லாச் சந்தர்ப்பத்திலும் வேகமாக விடை தருகிற வழி யாருக்கும் தெரியாது. நல்லவேளையாக நிஜப் பொதிகள் பெரும்பாலும் அவ்வளவு மோசமாகப் பின்னிக்கொள்வதில்லை. இந்த மாதிரிப் புதிர்களுக்கென்றே இருந்த தர்க்கத் தீர்வு முறைகளை 2008 இல் ஓப்பன்சூசே 11.0 தன் பொதிக் கருவிக்குள் கொண்டுவந்தது. ஆப்ட் தன் பழைய முறையோடு நீண்ட காலம் ஓட்டியது. 2025 இல் வந்த ஆப்ட் 3.0 இல்தான் புதிய தீர்வு இயந்திரம் ஒன்று சேர்ந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லாமல் போகமுடியாது. ஆப்டின் வசதி எல்லாம், களஞ்சியம் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. நெட் இல்லாத இடத்தில் அது பாதி மனுசன். உபுண்டு 2011 வரை உலகம் முழுவதற்கும் இலவசமாக சீடி அனுப்பியது. அப்படி வந்த சீடி ஒன்றை எங்கள் சீனியர் அண்ணா ஒருவர் இன்னும் உறையோடு வைத்திருக்கிறார். இலங்கையில் தொகுக்கப்பட்ட ஹந்தானை லினக்ஸ், ஃபெடோராவை அடித்தளமாகக் கொண்டது, தேவையான மென்பொருள்களை முன்கூட்டியே உள்ளே அடுக்கி டிவிடியாக வந்தது. பேராதனைக் கெம்பஸுக்கு மேலே நிற்கிற மலையின் பெயரை அதற்கு வைத்தது எங்களுக்குப் பிடிக்கும். அந்த டிவிடியைச் சார்புப் பிரச்சினைக்கு ஒரு கிராமத்துத் தீர்வு என்றே சொல்லலாம்: கடைக்குப் போக ரோட்டு இல்லையென்றால் மூட்டையோடு வந்துவிடு.

இனி எங்கள் கறுப்புத் திரைக்கு வருவோம். அதன் வேர் 2038 இல் இருக்கிறது.

யுனிக்ஸ் வழி வந்த கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 இலிருந்து எத்தனை செக்கன் என்று எண்ணும். பழைய முறையில் அந்த எண்ணுக்கு 32 பிட் இடம். அதில் அடங்கக்கூடிய அதிகபட்ச எண் 2,147,483,647. அது 2038 ஜனவரி 19 இல் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு எண் மறைப்பக்கம் புரண்டு 1901 டிசம்பருக்குப் போய்விடும். இதைத் தவிர்க்க நேரத்துக்கு 64 பிட் இடம் கொடுக்கவேண்டும். டெபியன் தன் 32 பிட் ஆர்ம் வகைக் கணினிகளுக்காக இந்த மாற்றத்தை 2024 இன் ஆரம்ப மாதங்களில் செய்தது. முன்னின்றவர்களில் ஒருவர் ஸ்டீவ் லங்காசெக். டெபியனிலும் உபுண்டுவிலும் நீண்ட காலம் வெளியீட்டுப் பொறுப்பில் இருந்தவர். 2025 ஜனவரி 1 இல் இறந்துபோனார். தான் பார்க்கப்போகாத ஒரு காலைக்காக அவர் வேலை செய்திருக்கிறார் என்பது இதை எழுதும்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

மாற்றத்தை எப்படிச் செய்தார்கள் என்பதுதான் சுவாரசியம். லைப்ரரியில் நேரத்தின் அகலம் மாறிவிட்டால், பழைய மென்பொருள் தெரியாமல் புதிய லைப்ரரியைக் கூப்பிட்டு, தவறான இடத்திலிருந்து எண்ணைப் படிக்கும். வெளியில் ஒன்றும் தெரியாது, உள்ளே எல்லாம் பிழைக்கும். அதைத் தடுக்கப் பல நூறு லைப்ரரிப் பொதிகளின் பெயரையே மாற்றினார்கள். பழைய பெயரின் வாலில் 'டி64' சேர்ந்தது. எங்களுடையது மாதிரியான 64 பிட் லெப்டொப்பில் உள்ளே எதுவும் மாறவில்லை, அங்கே நேரம் ஏற்கெனவே 64 பிட்தான். ஆனாலும் எல்லா வகைக் கணினிக்கும் ஒரே பெயர் இருக்கவேண்டும் என்பதால் இங்கேயும் பெயர் மாறியது. ஆகவே புதிய பொதி தன் படிவத்தில், பழைய பெயரில் யாராவது கேட்டால் அது நான்தான் என்று எழுதிவைத்தது. இன்ன பதிப்பு எண்ணுக்குக் கீழே உள்ள பழைய பொதியை நான் அகற்றி அதன் இடத்துக்கு வருகிறேன் என்றும் எழுதிவைத்தது.

இதைப் படித்தவுடன் எங்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். "இது எங்க அம்மாயியோட சத்தியக்கடதாசிடா!" அவளுடைய அம்மாயிக்குத் தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். எழுதியவர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். சேமலாப நிதிப் பணம் எடுக்கப்போனபோது ஒரு அலுவலகத்தில், இரண்டு பேரும் ஒரே ஆள் என்று சத்தியக்கடதாசி முடித்துவரச் சொல்லி மூன்று முறை அலைக்கழித்தார்கள். மலையகத்தில் இது ஒரு வீட்டுக் கதை இல்லை. வாசிக்கிற உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கடதாசி இருக்கக்கூடும்.

அந்த உதாரணம் கடைசிவரை பொருந்தியது. நாங்கள் ஒரு வருடம் முன்பு, ஒலிப்பதிவைத் துப்புரவாக்குகிற மென்பொருளின் புதிய பதிப்பு வேண்டும் என்று ஆசைப்பட்டு, வெளியார் களஞ்சியம் ஒன்றைச் சேர்த்திருந்தோம். அது மென்பொருளோடு ஒரு லைப்ரரியின் பிந்திய பதிப்பையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது. பழைய பெயர், ஆனால் பெரிய பதிப்பு எண். அப்கிரேடில் டி64 பொதி கடதாசியோடு வந்தது. கடதாசியோ குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே உள்ள ஆளுக்குத்தான் செல்லும். உள்ளே இருந்தவரின் எண் அதற்கு மேலே. அவர் எழும்பமாட்டார், இவருக்கு அதே கோப்பை அதே இடத்தில் வைக்கவேண்டும். டிபிகேஜி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டது. பின்னால் வரிசையில் நின்ற டெஸ்க்டொப் பொதிகள் அப்படியே நின்றுவிட்டன. பிழை எங்களுடையது. களஞ்சியத்தைச் சேர்த்தது நாங்கள், மறந்ததும் நாங்கள்.

பெரியவர்களும் இதே இடத்தில் தடுக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதல். உபுண்டு 24.04, 2024 ஏப்ரல் 25 இல் வெளிவந்தது. முந்தைய 22.04 இல் இருந்தவர்களுக்கு வழி திறக்கவேண்டிய 24.04.1 வெளியீடு ஆகஸ்ட் 15 இலிருந்து 29 க்குத் தள்ளிப்போனது. திறந்த கொஞ்ச நாளிலேயே, சார்புக் கணக்குப் போடும் இடத்தில் பாரதூரமான வழு இருக்கிறது என்று அப்கிரேடை இடைநிறுத்தினார்கள். 2021 நவம்பரில் நடந்த கதை இன்னும் பிரபலம். லினஸ் செபஸ்டியன் என்ற யூடியூபர், கேம் விளையாட ஸ்டீமை நிறுவப்போய், பொப் ஓஎஸ் இன் முழு டெஸ்க்டொப்பையும் கழற்றிவிட்டார். சார்பு முரண் ஒன்றைத் தீர்க்க ஆப்ட் கண்டுபிடித்த வழி அதுதான்: டெஸ்க்டொப்பை எடுத்துவிட்டால் சண்டை இல்லை. கணக்கின்படி சரி! அது எச்சரிக்கவும் செய்தது. 'ஆம், நான் சொல்கிறபடி செய்' என்று அர்த்தம் வருகிற ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச்சுச் செய்யச் சொன்னது. அவர் வாசிக்காமல் தட்டினார். அதற்குப் பிறகு ஆப்டில் அந்த வாசலை இறுக்கினார்கள்.

அதனால் நாங்கள் வாசித்தோம். முதல் வேலை, இன்னொரு பென் ட்ரைவிலிருந்து லினக்ஸை நேரடியாக ஓட்டி, ஒலிப்பதிவு முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்கில் இறக்கினோம். அது முடியும்வரை ஒருவரும் பேசவில்லை. அதற்குப் பிறகு திரும்ப உள்ளே வந்து, வெளியார் களஞ்சியத்தின் வரியை அடைத்தோம். எந்தப் பொதி எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்று ஆப்டிடமே கேட்கலாம். அப்படிக் கேட்டு, அந்த மென்பொருளையும் அதோடு வந்த பெரிய எண் லைப்ரரியையும் அகற்றினோம். பாதியில் நின்ற பொதிகளை முடித்துவிடும்படி டிபிகேஜிக்கும், உடைந்த சார்புகளைச் சரிபண்ணும்படி ஆப்டுக்கும் சொன்னோம். ஒவ்வொரு முறையும் அது காட்டுகிற 'அகற்றப்படுபவை' பட்டியலை ஒருத்தி சத்தமாக வாசிக்க, டெஸ்க்டொப் பெயர் வருகிறதா என்று மற்றவர்கள் பார்த்தோம். மூன்றாவது சுற்றில் முரண் தீர்ந்தது. மத்தியானம் திரை வெளிச்சமானது.

இடையில் திரையில் ஒரு வரி வந்தது. பின்வரும் பொதிகள் இப்போதைக்குப் பின்னால் வைக்கப்படுகின்றன, இதுதான் பொருள். வழக்கமாக வருகிற வரிதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த ஒலிப்பதிவுகள் காதில் இருந்ததால் நாலு பேருக்கும் ஒரே ஞாபகம் வந்தது. 1964 ஒப்பந்தம் நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கெடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்துவிட்டு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தது. அவர்களை ஆளுக்குப் பாதியாகப் பிரிக்க 1974 வரை பத்து வருடம் எடுத்தது. மனுசரைப் பொதியோடு ஒப்பிடுவது சரியில்லைதான். பொதிகளுக்காவது யாரை யார் சார்ந்திருக்கிறார்கள் என்று படிவத்தில் எழுதியிருந்தது. அந்த ஒப்பந்தம் அம்மாவையும் மகனையும் வேறு வேறு பட்டியலில் போட்ட வீடுகளின் கதை எங்கள் பதிவிலேயே இரண்டு இருக்கிறது.

லெப்டொப் தப்பித்துவிட்டது. தப்பாத ஒன்றும் இருக்கிறது. எங்கள் வாசிகசாலையில், யாரோ கொழும்பில் கழித்து அனுப்பிய பழைய கணினி ஒன்று, 32 பிட் இன்டெல் ரகம். பிள்ளைகள் தட்டச்சுப் பழகுவது அதில்தான். உபுண்டு 2017 இலேயே அந்த ரகத்துக்கு டெஸ்க்டொப் நிறுவல் வட்டு கொடுப்பதை நிறுத்திவிட்டது. 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13 உம் அதில் புதிதாக நிறுவமுடியாது. நேரத்தை 64 பிட்டுக்கு மாற்றிய வேலையிலும் அந்த ரகத்தை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. பழைய மென்பொருள்களை ஓட்டுவதற்காகத்தான் அது இன்னும் வைக்கப்பட்டிருக்கிறது, மாற்றினால் அவை ஓடாது என்பது காரணம். காரணம் நியாயம். ஆனால் புதுசு வாங்க வழியில்லாத இடங்களில்தான் பழசு இருக்கிறது என்பதும் உண்மை, அந்த முடிவை எடுத்த மேசையில் எங்கள் மாதிரி ஊர்களிலிருந்து எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. டெபியனின் பொதிப் பராமரிப்புக்கு ஊதியமில்லாமல் உழைப்பவர்கள்தான் அதிகம், அவர்களைக் குறை சொல்லவில்லை. உள்ளே போய் உட்கார எங்களுக்கும் தடையில்லை, இதுவரை போகவில்லை.

வாசிகசாலைக் கணினியில் இப்போதைக்கு டெபியன் 12 போட்டிருக்கிறோம். 2028 நடுப்பகுதி வரை அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதற்குப் பிறகும் ஓடினால் ஓடட்டும். கணக்குப் பார்த்தோம்: அதன் எண் நிரம்புகிற நேரம் எங்கள் ஊர் மணிக்கு 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8.44. பிரட்டு முடிந்து பெண்கள் கொழுந்து மலைக்கு ஏறியிருப்பார்கள். ஒலிப்பதிவுகள் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன, ஒன்று வாசிகசாலைக் கணினியில்.